பீர் காய்ச்ச எலிமென்ட்: உள்ளூர்க் கடையா, எல்லைக்கு அந்தப் பக்கமா, சீனாவா?

பனிக்காலம் நெருங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும். டொரன்டோ பக்கம் வீட்டில் பீர் காய்ச்சுகிற பலர் புரொப்பேன் அடுப்பில்தான் தொடங்கியிருப்பார்கள். மைனஸ் பதினைந்தில் கொல்லைப்புறத்தில் நின்று ஒரு மணி நேரம் பானையைக் கொதிக்கவிட யாருக்கு மனம் வரும்? கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு புரொப்பேன் எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே முடித்துவிடும். சரி, கரண்டுக்கு மாறிவிடலாம் என்று தீர்மானிக்கிறார்கள். பானை இருக்கிறது, பேஸ்மென்டில் இடம் இருக்கிறது. எலிமென்ட், அதாவது பானைக்குள் மூழ்கியிருந்து சூடாக்குகிற மின்கம்பி, எங்கே வாங்குவது என்பதில் வந்து நிற்கிறார்கள். பார்வைக்கு ஒரே சாமான்தான். ஆனால் கனடாக் கடையில் ஒரு விலை, அமெரிக்கக் கடையில் அதைவிடக் குறைவு, சீனாவிலிருந்து நேராக எடுத்தால் ஏறத்தாழப் பாதி.

திரையில் தெரிகிற விலையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அரைக் கிலோ எடைகூட இல்லாத ஒரு கம்பிக்கு, ஷிப்பிங்கும் வரியும் கூரியர்காரர் போடுகிற கட்டணமும் சேர்ந்து பொருளின் விலையைத் தொட்டுவிடும். அதனால் கடைகளை ஒப்பிடும் முன் எதை வாங்குகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

(கனடாவில் சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் ஆசைப்பட வேண்டாம். அங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது.)

## எதை வைத்து ஒப்பிடுவது

உங்கள் வீட்டு மின் இணைப்பு. இதுதான் முதல் கேள்வி, இதைத்தான் கடைசியில் கேட்கிறார்கள். 5500 வாட், 240 வோல்ட் எலிமென்ட் கிட்டத்தட்ட 23 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 30 ஆம்பியர் பிரேக்கரும் 10 கேஜ் வயரும் வேண்டும். 4500 வாட் என்றால் 19 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. அதுவும் 30 ஆம்பியர் லைன்தான். சாதாரணச் சுவர் பிளக்கில், அதாவது 120 வோல்ட் 15 ஆம்பியரில், 1500 வாட்டைத் தாண்ட முடியாது.

இதன் பொருள் என்ன என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். 23 லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 28 லிட்டர் வோர்ட்டை, அதாவது மால்ட் ஊறிய இனிப்புச் சாற்றை, கொதிக்கவைக்க வேண்டும். 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற்ற 5500 வாட் எலிமென்டுக்கு 28 நிமிடம், 4500 வாட்டுக்கு 35 நிமிடம், 1500 வாட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். பானையிலிருந்து வெளியேறும் சூட்டைச் சேர்க்காத கணக்கு இது. சேர்த்தால் 1500 வாட், பானைக்குப் போர்வை சுற்றாமல், தளதளவென்று கொதிக்கவே விடாது.

உயர்மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பல கட்டடங்களில் வருவது 240 அல்ல, 208 வோல்ட். அங்கே 5500 வாட் எலிமென்ட் 4130 வாட்தான் தரும். கெடுதல் ஒன்றுமில்லை, மெதுவாகும், அவ்வளவுதான்.

வாட் அடர்த்தி. அதே 5500 வாட் சின்னக் கம்பியிலிருந்தும் வரலாம், நீண்டு மடிந்த கம்பியிலிருந்தும் வரலாம். சின்னக் கம்பியில் சூடு ஒரே இடத்தில் குவியும். சாதாரண ஹீட்டர் எலிமென்டில் சதுர அங்குலத்துக்கு 150 வாட் வரை போகும்; 'அல்ட்ரா லோ வாட் டென்சிட்டி' என்று விற்பதில் சுமார் 50. தண்ணீரை மட்டும் சூடாக்க எது என்றாலும் சரி. வோர்ட்டில் சர்க்கரை இருக்கிறது. அடர்த்தி அதிகமான கம்பியில் அது பால் அடிப்பிடிப்பதுபோலப் பிடித்துக் கருகி, பீர் முழுக்கத் தீய்ந்த வாடை ஏறிவிடும். அதனால் மடிந்தும் நெளிந்தும் இருக்கிற நீளமான வகையைத்தான் வாங்க வேண்டும். பானையின் உள்விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள். நெளியாத 5500 வாட் கம்பி 14 அங்குலம்வரை நீளும்.

எது ஸ்டெயின்லெஸ்? விளம்பரத்தில் 'ஸ்டெயின்லெஸ்' என்று இருக்கும். கம்பி மட்டுமா, பானையில் பொருந்துகிற அடிப்பாகமுமா என்று கேளுங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற வாட்டர் ஹீட்டர் எலிமென்ட் பலவற்றில் கம்பி இன்கலாய் எனும் நிக்கல் கலவை. அது அருமையான உலோகம், துருப்பிடிக்காது. ஆனால் அடிப்பாகம் துத்தநாகம் பூசிய இரும்பு. வோர்ட் புளிப்புத்தன்மை உள்ளது. சில முறை காய்ச்சிய பிறகு அடியில் செம்பழுப்பு வளையம் தெரியும். ஆபத்து என்பதைவிட அசிங்கம், நாளடைவில் கசிவு. 304 ரக ஸ்டெயின்லெஸ் அடிப்பாகம் என்று தெளிவாக எழுதியிருப்பதை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. காந்தம் வைத்துப் பார்ப்பது ஓரளவுக்கு உதவும். வளைத்த இடத்தில் 304-உம் லேசாக ஒட்டும். 'டக்' என்று பலமாக ஒட்டினால் இரும்பு.

பொருத்தும் முறை. வாட்டர் ஹீட்டர் வகையில் ஒரு அங்குல நேர்மரை இருக்கும். பிளம்பிங் கடையில் கிடைக்கிற நட்டெல்லாம் சரிவு மரை. இரண்டு சுற்று போகும், அப்புறம் இறுகிக்கொள்ளும், ஓ-ரிங் நசுங்காது, சொட்டும். நேர்மரைக்கான லாக் நட் தனியாக வாங்க வேண்டும். டிரை-கிளாம்ப் வகையில் இந்தப் பிரச்சினையே கிடையாது: பானையில் ஒரு ஃபெரூல் (விளிம்பு வைத்த குட்டைக் குழாய்), நடுவில் சிலிக்கான் கேஸ்கெட், சுற்றி ஒரு கிளாம்ப். கழுவக் கழற்றுவதும் ஒரு நிமிட வேலை. ஆனால் ஒன்றரை அங்குலமா, இரண்டு அங்குலமா என்று பார்த்து வாங்காவிட்டால் மறுபடி ஷிப்பிங் கட்டுவீர்கள். மின்முனைகளை மூடும் கூடும் எர்த் இணைப்பும் எலிமென்டோடு வருகிறதா என்பதும் இதே ரகக் கேள்வி. மலிவான அறிவிப்பில் படத்தில் இருக்கும், பெட்டியில் இருக்காது.

மீதி இரண்டு அளவுகோல்கள் எளிது: எத்தனை நாளில் வரும், கெட்டிருந்தால் திருப்ப முடியுமா.

## ஷிப்பிங் எங்கே ஏறுகிறது

கூரியர்காரர்கள் எடையைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 139-ஆல் வகுத்தால் வருவது 'பரிமாண எடை'. 18×6×6 பெட்டி 648 கன அங்குலம், வகுத்தால் 4.66. ஆக ஒரு பவுண்டு சாமானுக்கு ஐந்து பவுண்டுக் கட்டணம். நெளிந்த, குட்டையான எலிமென்ட் சின்னப் பெட்டியில் போவதால் இங்கேயும் ஜெயிக்கும்.

எல்லை தாண்டினால் அடுத்த அடுக்கு. 2020 ஜூலை 1 முதல், அமெரிக்காவிலிருந்து கூரியரில் வரும் பொருள் 40 கனடிய டாலர்வரை இருந்தால் வரியும் இல்லை, சுங்கத் தீர்வையும் இல்லை. 150 டாலர்வரை தீர்வை இல்லை, வரி உண்டு. ஒன்டாரியோவில் 13 சதவீத எச்எஸ்டி, அதாவது விற்பனை வரி. இந்தச் சலுகை கூரியருக்கு மட்டும். தபாலில் வந்தால் பழைய 20 டாலர் வரம்புதான், வரி வசூலிக்கத் தபால்துறை 9.95 டாலர் கையாளும் கட்டணமும் எடுக்கும். கூரியரில் அதற்குப் பதில் 'புரோக்கரேஜ்' என்று ஒன்று வரும், சுங்க வேலையை நமக்காக முடித்துத் தருவதற்கான கூலி. தரைவழிச் சேவையில்தான் அது கடிக்கும். விமானச் சேவையில் பெரும்பாலும் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். 'தரைவழி மலிவு' என்று டிக் போடுகிறவர் வாசலில் நின்று பணம் கட்டுவது இதனால்தான். எல்லைச் சேவை அலுவலகத்துக்கு நீங்களே போய் வரியைக் கட்டி விடுவித்துக்கொண்டால் புரோக்கரேஜ் தேவையில்லை. பியர்சன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை என்றால் செய்யலாம், மற்றவர்களுக்குப் பாதி நாள் போய்விடும்.

நியூ ஜெர்சி, டெக்சஸ் பக்கமிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 800 டாலர்வரை தீர்வை இல்லாமல் இறக்கிய வசதி சீனப் பொருளுக்கு 2025 மே 2-ஆம் தேதியும், மற்ற நாடுகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் தேதியும் நின்றுபோனது. சீனாவிலிருந்து நேராக எடுப்பது பற்றிய பழைய அறிவுரைகளை அப்படியே நம்ப வேண்டாம்.

## வழி 1: உள்ளூர்க் கடை

விலை அதிகம், ஆனால் தெரிகிற விலைக்கு மேல் எச்எஸ்டி தவிர வேறொன்றும் வராது. டிரை-கிளாம்ப் எலிமென்டைக் கேஸ்கெட், கிளாம்போடு சேர்த்துத் தருவார்கள். பொருந்தவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. மால்ட்டும் ஹாப்ஸும் எப்படியும் வாங்கப் போகிறீர்கள். அந்தப் பயணத்திலேயே எலிமென்டையும் கையில் வாங்கிவந்தால் ஷிப்பிங் சுழியம். கடையில் நின்று அடிப்பாகத்தைக் கையில் உருட்டி, வெல்டிங் சுத்தமாக இருக்கிறதா, மின்முனை ஆடுகிறதா என்று பார்க்கவும் முடியும்.

முதல் தடவை அமைக்கிறவர்களுக்கு இதுதான் சரி. அடுத்த சனிக்கிழமை காய்ச்ச வேண்டும், இருப்பது புகைந்துவிட்டது என்றாலும் இதுதான்.

## வழி 2: அமெரிக்கக் கடையிலிருந்து வீட்டுக்கு

தேர்வு அதிகம். 120 வோல்ட் வகைகளும் வெவ்வேறு நீளங்களும் பானையின் அளவுக்கேற்ற வட்டக் காயில்களும் அங்கேதான் வரிசையாக இருக்கும். விற்கிறவர்களே காய்ச்சுகிறவர்கள் என்பதால் கேட்டால் ஒழுங்கான பதில் வரும். அதற்கு நான் மதிப்புக் கொடுப்பேன்.

ஆனால் ஒற்றை எலிமென்டுக்கு இது மோசமான வழி. நாணய மாற்று, கார்டுக்காரர் போடும் இரண்டரை சதவீதம், மேலே சொன்ன எல்லைக் கட்டணங்கள் எல்லாம் ஒரே ஒரு கம்பியின் தலையில் விழும். திருப்பி அனுப்பினால் அந்த ஷிப்பிங்கும் உங்களுடையது. அதனால் வாரன்டி காகிதத்தில் மட்டும்தான். பம்ப், வால்வு, சூட்டைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் என்று மொத்தமாக எடுக்கிறீர்களா? அப்போது கணக்கு மாறும், ஏனென்றால் புரோக்கரேஜ் பெட்டிக்கு ஒரு தடவைதான்.

## வழி 3: எல்லைக்கு அப்பால் முகவரி

நயாகரா ஆற்றின் அந்தக் கரையில், லூயிஸ்டன், பஃபலோ பக்கம், பார்சலை வாங்கி வைத்துக்கொள்கிற கடைகள் இருக்கின்றன. அமெரிக்க உள்நாட்டு ஷிப்பிங்கில் அங்கே வரவழைத்து, காரில் போய் எடுத்துவருவது. ஸ்கார்பரோவிலிருந்து ஒரு பக்கம் சுமார் 150 கிலோமீட்டர். அன்றே திரும்பினால் வரி விலக்கு எதுவும் கிடையாது. 24 மணி நேரம் தங்கினால் 200 டாலர், 48 மணி நேரம் என்றால் 800 டாலர்வரை விலக்கு. 'போனோம், எடுத்தோம், வந்தோம்' என்றால் எச்எஸ்டி கட்டத்தான் வேண்டும், பெட்ரோலும் பாலக் கட்டணமும் கூடவே.

பஃபலோவில் சொந்தக்காரர் வீட்டுக்கு இரண்டு நாள் போகிறவர்களுக்கு இது பொன்னான வழி. எலிமென்டுக்காக மட்டும் கிளம்புகிறவர்களுக்கு அல்ல.

## வழி 4: சீனாவிலிருந்து நேராக

இந்த வழியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், விலை அப்படி. பொருளும் எல்லா நேரமும் மட்டமில்லை; வட அமெரிக்கக் கடைகளில் விற்கிற பல எலிமென்டுகள் சீனத் தயாரிப்பே.

சிக்கல், என்ன வாங்குகிறோம் என்பதை நாமே சரிபார்க்க வேண்டியிருப்பதில். டொரன்டோவை ஒட்டிய மார்க்கம் நகரில் ஒரு நண்பர் '5500 வாட்' என்று மட்டும் எழுதியிருந்ததை வாங்கினார். மீட்டரில் பார்த்தால் 8.8 ஓம். அதாவது 220 வோல்ட்டில் 5500 வாட். நம் வீட்டு 240 வோல்ட்டில் அது 6500 வாட்டைத் தாண்டும், 27 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 30 ஆம்பியர் லைனில் தொடர்ந்து ஓடுகிற சுமை 24 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பிரேக்கர் உடனே விழாது. வயரும் பிளக்கும் மணிக்கணக்கில் சூடேறிக்கொண்டிருக்கும். விற்றவரிடம் கேட்டதற்கு '220 முதல் 240 வரை சரிதான்' என்று பதில் வந்தது.

சான்று முத்திரையும் இருக்காது. ஒன்டாரியோவில் மின்சாதனங்களுக்கு அங்கீகார முத்திரை வேண்டும் என்பது விதி. எலிமென்ட் தனி உதிரிப்பாகம் என்று வாதாடலாம். தீ விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரரிடம் அந்த வாதம் எடுபடும் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

அளவெல்லாம் அத்துப்படியாகி, இரண்டாவது பானைக்கோ கைவசம் ஒரு உதிரியாகவோ வாங்குகிறவர்களுக்கு, அவசரம் இல்லையென்றால், இது நல்ல வழி.

## ஒரு மாதிரிக் கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்கு எப்படிப் போகிறது என்று காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் திரையில் தெரிகிற எண்களைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் கனடிய டாலர், முழு எண்ணாக்கியது. அமெரிக்க டாலர் 1.38.

| வழி | பொருள் | ஷிப்பிங் | எச்எஸ்டி | மற்றவை | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| உள்ளூர், பார்சலில் | 75 | 15 | 12 | – | 102 |
| உள்ளூர், கையில் வாங்கி | 75 | – | 10 | – | 85 |
| அமெரிக்கா, தபாலில் | 58 | 33 | 8 | 12 (கார்டு, தபால் கட்டணம்) | 111 |
| எல்லை முகவரி, போய் எடுத்து | 58 | 11 | 8 | 47 (கார்டு, கடைக் கட்டணம், பெட்ரோல்) | 124 |
| சீனா | 38 | 18 | 7 | 20 (கேஸ்கெட், கிளாம்ப், மூடி) | 83 |

கையில் வாங்கிய உள்ளூர் எலிமென்டுக்கும் சீனாவிலிருந்து வந்ததற்கும் வித்தியாசம் இரண்டு டாலர். கேஸ்கெட்டும் மூடியும் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால்தான் சீனாவின் மலிவு உண்மையான மலிவு.

இந்த அட்டவணையில் வராத ஒரு செலவு எல்லா வழிக்கும் பொது: 30 ஆம்பியர் லைன், ஜிஎஃப்சிஐ பிரேக்கர் (மின்கசிவு வந்தால் உடனே துண்டிப்பது), கன்ட்ரோலர். எலிமென்ட்டில் மிச்சம் பிடிக்கிற முப்பது டாலர் இதன்முன் ஒன்றுமே இல்லை. ட்ரையர் பிளக்கைப் பயன்படுத்தலாம் என்று பலர் நினைப்பது சரியே, அதுவும் 30 ஆம்பியர்தான். ஆனால் அது நான்கு முனை, எலிமென்டோடு வருகிற பூட்டு பிளக் பெரும்பாலும் மூன்று முனை. இடையில் ஒழுங்கான மாற்றிக் கேபிள் வேண்டும், ஜிஎஃப்சிஐயும் வேண்டும். புதிய லைன் இழுக்க உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியனைக் கூப்பிடுங்கள்.

120 வோல்ட் மட்டும்தான் வீட்டில் இருக்கிறது, லைன் இழுக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால், 5500 வாட் எங்கே மலிவு என்று தேடுவதை நிறுத்திவிட்டு 10 லிட்டர் அளவுக்குக் காய்ச்சுங்கள். 1500 வாட் அதற்குப் போதும்.

## பெட்டி வந்ததும்

எங்கே வாங்கினாலும், பானையில் பூட்டுமுன் மல்டிமீட்டரை எடுங்கள். இரண்டு முனைகளுக்கும் இடையே 240 வோல்ட் 5500 வாட்டுக்கு 10.5 ஓம் அளவில் வர வேண்டும்; 4500 வாட்டுக்கு 12.8. ஒவ்வொரு முனைக்கும் உலோக உறைக்கும் இடையே இணைப்பே காட்டக்கூடாது. பிறகு தண்ணீரை ஊற்றி, கம்பி முழுக்க மூழ்கிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். உலர்ந்த எலிமென்ட் சில நொடிகளில் போய்விடும், அதற்கு எந்தக் கடையும் வாரன்டி தராது.

மீட்டரில் எல்லாம் சரியாக இருந்தும் சுவிட்ச் போட்டவுடன் ஜிஎஃப்சிஐ விழுந்தால் பயப்பட வேண்டாம். கம்பிக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை இழுக்கும். கப்பலில் வாரக்கணக்கில் கிடந்துவந்த பெட்டியில் இது சகஜம். ஜிஎஃப்சிஐ விழ ஐந்து மில்லி ஆம்பியர் கசிவு போதும். பிளாஸ்டிக், சிலிக்கான் பாகங்களைக் கழற்றிவிட்டு, சமையலறை ஓவனில் 100 முதல் 120 டிகிரியில் சில மணி நேரம் உலரவிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் விழுந்தால் குப்பைதான். ஜிஎஃப்சிஐயைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் வீட்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.